பிரைட் ஊர்வலத்தில் ஒரு மஞ்சள் வேட்டி

பொய் சொல்லக்கூட ஒரு சாமர்த்தியம் வேண்டும். எனக்கு அது துளியும் கிடையாது. இல்லாவிட்டால், பாங்காக்கில் நடக்கும் பிரைட் ஊர்வலத்துக்குப் போக ஆசைப்பட்டவன், அம்மாவிடம் போய், "அங்க மாரியம்மன் கோயிலுக்குப் போறேன்" என்று சொல்லியிருப்பேனா?

மலேசியாவில், பட்டர்வொர்த்தில் அம்மாவும் நானும் மட்டும்தான். தினமும் ஃபெரி பிடித்து ஜார்ஜ்டவுனில் வேலை. எனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும் என்பது என் காதலன் வின்சென்டைத் தவிர யாருக்கும் தெரியாது. (எங்கள் வீட்டு மீன் கறிக்கு வின்சென்ட் அடிமை. அம்மாவுக்கோ அவன் 'என்கூட வேலை செய்யும் சீனத் தம்பி'.) எங்களைப் போன்றவர்கள் ஒளியாமல் தெருவில் நடக்கும் அப்படி ஓர் ஊர்வலத்தை நம் ஊரில் கனவில்தான் பார்க்கலாம். அதனால் இரண்டு பேரும் மாதக்கணக்கில் பாங்காக்கையே பேசிக்கொண்டிருந்தோம். மினுமினுக்கும் சட்டை ஒன்றை வாங்கி, அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு தினமும் போட்டுப் பார்த்தேன். பட்டப்பகலில், நடுத்தெருவில், அவன் கையைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

முப்பது தாண்டிய மகன் தானாகக் கோயிலுக்குக் கிளம்பினால், பெற்றவளுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"கல்யாண வேண்டுதலாடா?" அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப நானும் வரேன்லா! இன்னையிலேர்ந்து ரெண்டு பேரும் சைவம்."

மீன் இல்லாமல் ஒரு நாள்கூடச் சாப்பிடாத அம்மா விரதத்தில் இறங்கிவிட்டார். நான் கறியும் மீனும் மணக்கும் நாசி கண்டார் சோற்றுக் கடைகளைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்தேன். வின்சென்ட் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, எனக்கு முன்பே பாங்காக் போய்ச் சேர்ந்தான்.

ஊர்வலத்தன்று காலையில் மினுமினு சட்டை பையிலேயே கிடந்தது. அம்மா என்னை மஞ்சள் வேட்டிக்குள் திணித்து, நெற்றி நிறையக் குங்குமம் வைத்தார். அர்ச்சனை முடிந்து, தேங்காய் மூடியும் பூவுமாகத் தட்டோடு வெளியே வந்தால், தெருமுனையில் கொட்டுச் சத்தம்.

"என்னடா விசேஷம்? வா, பாத்துட்டுப் போவோம்!"

தடுக்க முடியவில்லை. வானவில் கொடிகளுக்கு நடுவே நான் தட்டோடு நின்றேன். என் வேட்டியை வேஷம் என்று நினைத்து நாலு பேர் கைதட்டினார்கள். இரண்டு பேர் படம் எடுத்தார்கள். கூட்டத்திலிருந்து கன்னமெல்லாம் ஜிகினாவோடு ஓடி வந்த வின்சென்ட், பின்னால் நின்ற அம்மாவைக் கவனிக்காமல் என்னைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டான்.

"இது நம்ம சீனத் தம்பி இல்ல?" என்றார் அம்மா.

வின்சென்ட் சட்டென்று என்னை விட்டு விலகினான். அதற்கு மேல் எனக்கு எந்தப் பொய்யும் வாயில் வரவில்லை.

"அம்மா, நான் கோயிலுக்கு வரல. இதுக்குத்தான் வந்தேன். இவன்கூட நடக்கத்தான்."

அம்மா என்னைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அம்மா என் கையிலிருந்த தட்டைப் பிடுங்கினார்.

"தட்ட வச்சிக்கிட்டு எப்படிடா கையப் புடிப்ப? போ. எனக்கு ஒன்னும் புரியல, வீட்டுல பேசிக்கலாம். ஆனா ஒன்னு, பொய்க்காக என்னை மீன் இல்லாமக் காயப் போட்ட பாரு, அத மட்டும் மன்னிக்கவே மாட்டேன்!"

நான் அழுதுகொண்டே நடந்தேன். குங்குமம் கரைந்து மூக்குவரை வழிந்தது. அதையும் படம் எடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு அம்மா பல நாள் சரியாகப் பேசவில்லை. பிறகு ஒருநாள், "அந்தத் தம்பிய சாப்பிட வரச் சொல்லு" என்றார்.

அந்தத் தீபாவளிக்கு நிபோங் திபாலிலிருந்து வந்த சித்தி, எனக்குப் பொருத்தமாக ஒரு பெண் இருப்பதாகப் பேச்செடுத்தார். எனக்கு முறுக்கு தொண்டையில் சிக்கிக்கொண்டது. அம்மா அசரவே இல்லை.

"இவனுக்கா? பாங்காக் அம்மனுக்கு ஆடு மாதிரி நேந்துவிட்டாச்சுலா. பொண்ணு கிண்ணு பாக்கக்கூடாது, சாமி குத்தமாயிடும்."

சித்தி கன்னத்தில் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து சொந்தக்காரர்களில் ஒருவர்கூட என்னிடம் கல்யாணப் பேச்சை எடுப்பதில்லை. என்னைப் பார்த்தாலே சித்தி பிள்ளைகள் "மே... மே..." என்று கத்துகிறார்கள். வின்சென்டும்தான்.