லைட்-தாவும் விதி பதினான்கும்

எங்கள் டாக்குரியா அடுக்குமாடிச் சங்கத்தின் துணைவிதிகளில் பதினான்காவது இப்படிச் சொல்கிறது: "சூரிய உதயத்துக்கும் அஸ்தமனத்துக்கும் இடையே பொது வராந்தாவில் எந்த விளக்கும் எரியக் கூடாது. எரிந்தால், எரித்தவரிடம் செயலாளர் எழுத்தில் காரணம் கேட்க வேண்டும்." கேட்கலாம் என்று போட்டிருந்தால் செயலாளர் தப்பித்துக்கொள்ளலாம். கேட்க வேண்டும் என்று இருக்கிறது. அந்த வித்தியாசம் எனக்கு நன்றாகவே தெரியும். விதியை எழுதியவனும் நான்தான், செயலாளரும் நான்தான்.

அந்த விதிக்கு எதிராகவே பிறந்தவர் லைட்-தா. சூரியனைப் பார்த்து "நீர் போதாது" என்று சொன்ன இன்னொரு மனிதரை இந்த உலகத்தில் யாரும் காட்ட முடியாது.

அவருடைய உண்மைப் பெயர் வாசல் பலகையில் இருந்தது, யாரும் படித்ததில்லை. பகலிலும் சைக்கிளில் விளக்கெரித்துப் போனவர் என்பதால் தெருமுனை டீக்கடைக்காரர் அவரை லைட்-தா ஆக்கினார். தா, அதாவது தாதா, என்றால் இந்த வங்காள ஊரில் அண்ணன். அதே வேகத்தில் அவர் மனைவி லைட்-பௌதி, அதாவது லைட் அண்ணி, ஆகிவிட்டார். "இவுகளக் கட்டுனதுக்கு இந்தப் பட்டம் வேறயா?" என்று அந்த அம்மாள் என்னிடம் ஒருமுறை கேட்டார். மறுப்புத் தெரிவிக்கும் காலக்கெடு முடிந்துவிட்டது என்றேன்.

இருவரும் தூத்துக்குடிக்காரர்கள். அவர் இங்கே துறைமுகத்தின் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். கப்பலுக்கு விளக்கால் பேசி, கப்பல் விளக்கால் சொல்லும் பதிலைப் படிப்பது அவர் உத்தியோகம். ஓய்வுக்குப் பிறகு ஒரு சைக்கிள் வாங்கினார். தினமும் காலையில் டாக்குரியாவிலிருந்து பெஹாலாவுக்குப் போவார். அங்கே பழைய சகா ஒருவரோடு கேரம் ஆடித் தோற்றுவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்புவார். சைக்கிள் கூடாது என்று பலகை வைத்த சாலைகளையெல்லாம் சந்து சந்தாகச் சுற்றிக் கடக்கும் வழி அவருக்கு மனப்பாடம். அதுவரை விளக்கு கிடையாது. மற்றவர்களைப் போலச் சாதாரணமாகத்தான் இருந்தார்.

பிறகு கரியாஹாட்டில் ஒரு மினிபஸ் பின்னாலிருந்து உரசியது. லைட்-தா நடைபாதைக் கடையின் பூசணிக்காய்கள் மேல் போய் உட்கார்ந்தார். முழங்கையில் சிராய்ப்பு, ஹாண்டில்பார் கோணல், பூசணிக்காய் இரண்டு நஷ்டம். டிரைவர் இறங்கி வந்து, உண்மையான வருத்தத்தோடு, "தேக்தே பாயி நி, தாது" என்றானாம். பார்க்கவே இல்லை தாத்தா என்று அர்த்தம்.

லைட்-தா ஆறடி உயரம். வெள்ளைச் சட்டை. வயிறு தனி இலாகா.

"முழங்கை கெடக்கட்டும் வே," என்று என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து கொதித்தார். "நட்டநடுப் பகல்ல ஆறடி ஆம்பளையக் காங்கலன்னு சொல்லுதான்! ஒரு கேப்டன் இப்படிச் சொல்லியிருந்தா அவன் சீட்டக் கிழிச்சிருப்பாக."

"தாத்தா என்று வேறு சொல்லியிருக்கிறான்."

"அதையும் நீரு ஞாபகப்படுத்தணுமாக்கும்."

லைட்-பௌதி சத்தம் போடவில்லை. அதுதான் ஆபத்து. சைக்கிளைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்தார். விதி தெரிந்தவன், யார் பக்கமும் சாயமாட்டான் என்ற நம்பிக்கை. கணவரோடு பேசுவதையும் அன்றோடு நிறுத்திவிட்டார். எங்கள் இரண்டு வீட்டு வாசலும் ஒரே வராந்தாவில் இருப்பதால் நான் தபால் இலாகா ஆனேன்.

"அண்ணாச்சி, அவுக கிட்டச் சொல்லுங்க. தோச ஆறுது."

கைநீட்டும் தூரத்தில் நிற்கும் லைட்-தா சொல்வார்: "வே, அவ கிட்டச் சொல்லும். தோச வேண்டாம், சாவி வேணும்."

கடைசியில் அம்மாள் நிபந்தனையை அறிவித்தார். "இந்த வராந்தாவுல நான் நிப்பேன். அவுக பகல்ல சைக்கிள்ல போவட்டும். பாலத்துக்குத் திரும்புத மூல வரைக்கும் அவுக முதுகு என் கண்ணுக்குத் தெரியணும். என் கண்ணுக்கே தெரியலன்னா எந்த டிரைவருக்குத் தெரியப் போவுது? மகாளயா அமாவாச வரைக்கும் பாப்பேன். அப்புறம் சைக்கிள் காயலான் கடைக்கு."

நியாயமான டெண்டர் நிபந்தனை. நான் மத்திய அரசின் கொள்முதல் பிரிவில் வாழ்நாளைக் கழித்தவன். உடனே தொழில்நுட்பக் குழு அமைத்தேன். தலைவர் நான், உறுப்பினர் லைட்-தா. பின்பக்க விளக்கு மூன்று மாதிரிகள் தருவித்தோம். விளக்கைச் சோதிக்க இருட்டு வேண்டும் அல்லவா? படிக்கட்டின் விளக்குகளை அணைத்து, ஜன்னலைப் போர்வையால் மூடி, மூன்றையும் ஏற்றிப் பார்த்தோம். மூன்றுமே கண்ணைப் பறித்தன. கீழ்வீட்டுச் சக்ரவர்த்திபாபு மேலே ஏறிவந்து, தீ விபத்தா என்று கேட்டார். மூன்றும் தகுதி பெற்றதால் விதிப்படி விலை குறைந்ததைத் தேர்ந்தெடுத்தோம். குழு தன்னைத் தானே பாராட்டித் தேநீர் அருந்தியது.

மறுநாள் நல்ல வெயில். நான் சாவியைக் கொடுத்தேன். லைட்-தா விளக்கை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். வராந்தாவில் அம்மாள் கண்ணுக்கு மேல் கையை வைத்து நின்றார்.

"அண்ணாச்சி, அவுக வெளக்கப் போட்டுட்டாகளா?"

"போட்டிருக்கிறார்."

"எங்க இருக்காக?"

"கேட்டைத் தாண்டவில்லை அம்மா. கீழேதான் நிற்கிறார்."

இளநீர்க் கடை வருவதற்குள் ஆளும் விளக்கும் வெயிலில் கரைந்து போயின. பகலில் எரிய வேண்டிய பொருளை இருட்டில் சோதித்த குழு உலகத்திலேயே எங்களுடையது ஒன்றுதான் என்று அப்போது நினைத்தேன். என் முப்பத்தைந்து வருட சர்வீஸ் நினைவுக்கு வந்தது. அந்த எண்ணத்தை அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

லைட்-தா தோல்வியை அளவுகோலின் தவறாகத்தான் பார்த்தார். அடுத்த வாரம் பூஜைப் பந்தல்காரரிடமிருந்து சரவிளக்கு வாங்கிச் சைக்கிளைச் சுற்றிக் கட்டினார். பச்சை, சிவப்பு, ஊதா எல்லாம் ஓடின. பின்சக்கரத்துக்கு மேல் ஒரு மயில் தோகை விரித்துச் சுருக்கியது. கேரியரில் லாரி பேட்டரி. அவர் கிளம்பியதும் பின்னால் நாலு பேர் கூடினார்கள். ஒருவர் சங்கு ஊதினார். எதிரே வந்த கிழவியம்மா நின்று கும்பிட்டார். லைட்-தா ஒரு கையை விட்டு ஆசீர்வதித்ததை என் கண்ணால் பார்த்தேன்.

வராந்தாவிலிருந்து தீர்ப்பு வந்தது: "பந்தல் தெரியுது அண்ணாச்சி. மனுசன் தெரியல. எதுத்தாப்புல வாரவன் ஊர்வலம்னு நெனைப்பான். ஒரு ஆளு சைக்கிள் மிதிக்கான்னு எவனுக்குத் தோணும்?"

இதை நான் குழுவின் முன் வைத்தேன். லைட்-தா முதல்முறையாக யோசித்தார். ஆனால் தப்பான பக்கம் யோசித்தார். மறுவாரம், படகுக்காரர்கள் வைத்திருக்கும் பெரிய டார்ச் ஒன்றை ஹாண்டில்பாரில் கட்டிக்கொண்டு போனார். பின்னால் வருபவனுக்குத் தெரிய வேண்டிய விளக்கை ஏன் முன்னால் கட்டினார் என்று குழு கேட்டது. "மொதல்ல முன்னால வாரவன் திருந்தட்டும்" என்றார். கரியாஹாட் மீன் கடைக்காரர் கண்ணைக் கையால் மூடியபடி ஒரு முழு ரோஹு மீனை வேறு யாருடைய பையிலோ போட்டார். டிராஃபிக் சார்ஜெண்ட் நிறுத்தினார்.

"தாதா, இது என்ன?"

"டே லைட்."

"டே-தான் இருக்கிறதே, லைட் எதற்கு?"

லைட்-தாவின் வங்காள மொழி அந்தக் கேள்விக்குப் போதவில்லை. டார்ச் வீட்டுக்குத் திரும்பி வந்து அலமாரியில் ஏறியது. சைக்கிள்காரர் பகலில் என்ன விளக்கு போடலாம் என்று விதி கேட்டு நான் உரிய அலுவலகத்துக்கு முறைப்படி எழுதினேன். அந்தப் பதில் இன்னும் வரவில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பதிலைப் பற்றியதல்ல.

மகாளயா நெருங்கியது. காயலான் கடைக்காரன் ஒருமுறை வந்து சைக்கிளைத் தடவிப் பார்த்துவிட்டும் போனான். அன்று சாயங்காலம் லைட்-தா என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்.

"சைக்கிள் போனாப் போவுது வே," என்றார். "நாங்க குவார்ட்டர்ஸ்ல இருந்தப்ப அடுப்படி சன்னல் நான் டூட்டி பாக்குத கோபுரத்துக்கு நேரா இருக்கும். சோறு ரெடின்னா டார்ச்சக் காட்டுவா. நான் பதில் போடுவேன். வெளக்கு மூணு தடவ மினுக்கும்: குட்ட, நெட்ட, குட்ட. 'கிடைச்சுது'ன்னு அர்த்தம். நான் லேட்டாவும்னு காட்டுனா அவ அதே பதிலப் போடுவா. கோவமா இருந்தாக்கூடப் போடுவா. ஒரு நாளும் பதில் போடாம இருந்ததில்ல. இப்ப பேச்சும் இல்ல, பதிலும் இல்ல, ரெண்டு மாசமாச்சு."

கொள்முதல் விதிகளில் இதற்கு இடம் இல்லை. நான் தேநீர் மட்டும் ஊற்றினேன்.

குடித்துக்கொண்டே அவர் சட்டென்று நிமிர்ந்தார். "வே, நாம மடையனுங்க. பகல்ல கப்பலுக்கு எப்படிக் காட்டுவோம்? வெளிச்சத்த நாலா பக்கமும் சிந்த மாட்டோம். குவிச்சு, பாக்குதவன் கண்ணுக்கு நேரா விடுவோம். விட்டு விட்டுக் காட்டுவோம். ஒரே சீரா மினுக்குனா கண்ணு பழகிப்போயி விட்டுரும். தாறுமாறா மினுக்கணும், அப்பந்தான் என்னன்னு பாப்பான்."

"பந்தல் தெரிகிறது, மனிதன் தெரியவில்லை என்றாரே அம்மாள்?"

"அதுக்குத்தான் காலு. சைக்கிள் மிதிக்கிறவன் காலு மட்டுந்தான் ஏறி எறங்கும். வேற எந்த வண்டிக்கு அது உண்டு?"

மறுநாள் குழு சைக்கிள் கடைக்குப் போனது. பகலுக்கென்றே செய்த பின்விளக்கு, கட்டைவிரல் அளவுதான். அதைக் கடைக்குள் பார்க்க மறுத்தோம். நடுத்தெரு வெயிலில் வைக்கச் சொல்லி, தூரப் போய் நின்று பார்த்தோம். கடைக்காரர் எங்களை அனுபவசாலிகள் என்று நினைத்திருக்க வேண்டும். சீட்டுக்குக் கீழே, தரையைப் பார்க்காமல், வானத்தையும் பார்க்காமல், நேர் பின்னால் பார்க்கும்படி பொருத்தினோம். கேரியர் பை அதை மறைக்கிறதா என்று குனிந்து பார்த்தோம். மறைத்தது. பையைக் கீழே இறக்கிக் கட்டினோம். இரண்டு கணுக்காலுக்கும் சிவப்பாக மினுக்கும் பட்டை. லைட்-தா சலங்கை கட்டிய நாட்டியக்காரரைப் போல இருந்தார். நான் சொல்லவில்லை. குறைந்த விலை எது என்றும் குழு கேட்கவில்லை.

மகாளயா. பேட்டை முழுக்க, வருஷா வருஷம் இந்த விடியற்காலையில் ரேடியோவில் வரும் தேவி துதி முழங்கி ஓய்ந்திருந்தது. மழை விட்டு வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. வெயில் சுள்ளென்று அடித்தது. காயலான் கடைக்காரன் கேட்டில் காத்திருந்தான். நான் சாவியைக் கொடுத்தேன். லைட்-தா ஏறி உட்கார்ந்து, மேலே பார்க்காமல் கிளம்பினார்.

இளநீர்க் கடை தாண்டியது. தெரிந்தது. மருந்துக் கடை தாண்டியது. வெள்ளைச் சட்டை மறைந்துவிட்டது. தாறுமாறாக வெட்டும் ஒரு சிவப்புப் புள்ளியும், அதற்குக் கீழே மாறி மாறி ஏறி இறங்கும் இரண்டு புள்ளிகளும் தெரிந்தன. ஒரு மினிபஸ் பின்னால் வந்து, வேகம் குறைத்து, நன்றாக ஒதுங்கிப் போயிற்று. பாலத்துக்குத் திரும்பும் மூலையில் புள்ளிகள் நின்றன. காலை ஊன்றித் திரும்பிப் பார்க்கிறார் என்று புரிந்தது.

"தெரிகிறதா அம்மா?" என்றேன்.

அவர் விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார். முடிந்தது என்று நினைத்தேன். கீழே காயலான் கடைக்காரன் கயிற்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

அம்மாள் திரும்பி வந்தார். கையில் அலமாரி டார்ச். அதை மூலையை நோக்கிப் பிடித்து, உள்ளங்கையால் மூடித் திறந்தார். குட்டை. நெட்டை. குட்டை.

தூரத்தில் ஒரு கை உயர்ந்தது. உடனே இறங்கவும் இல்லை.

"அந்தக் கயித்துக்காரன போவச் சொல்லுங்க அண்ணாச்சி," என்றார் அம்மாள். "அவுக வந்ததும் நானே பேசிக்கிடுதேன். உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

அவர்கள் இப்போது தூத்துக்குடியில் மகனோடு இருக்கிறார்கள். சைக்கிளும் கூடப் போய்விட்டது. சங்கத்தின் செயலாளராக நான் ஒன்றைப் பதிவு செய்தாக வேண்டும். அன்று காலை எங்கள் பொது வராந்தாவில் விதிக்கு மாறாக எரிந்தவை இரண்டு விளக்குகள். ஒன்று அந்த அம்மாளின் டார்ச். இன்னொன்று, படிக்கட்டு இருட்டில் நாங்கள் தேர்ந்தெடுத்த விலை குறைந்த விளக்கு. பகல் வெளிச்சத்தில் அது இளநீர்க் கடை வரைகூடத் தெரியாது என்பது தொழில்நுட்பக் குழுவின் தலைவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் அவர் அதைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் செயலாளர் இன்றுவரை எழுத்தில் காரணம் கேட்கவில்லை.

லைட்-தாவுக்குப் பதில் வந்த தேதி: மகாளயா அமாவாசை, பட்டப்பகல்.