ரமீலாபென்னின் கிண்ணம்

நடியாத்,
திங்கட்கிழமை

மதிப்பிற்குரிய ஜாக்ருதி அத்தைக்கு, உர்வீயின் ஜெய் ஸ்ரீகிருஷ்ணா. இங்கு எல்லோரும் நலம், தேவைக்குச் சற்று அதிகமாகவே நலம். வடோதராவில் உங்களிடம் வைத்தியத்துக்கு வரும் குழந்தைகளும் நலமடைந்து வருவார்கள் என நம்புகிறேன்.

தீபாவளிக்கு வந்தபோது தம்பி ஹர்ஷிலின் எடையைப் பார்த்துவிட்டு நீங்கள் சொன்னது எனக்கு வரி பிசகாமல் நினைவிருக்கிறது. அவனை மட்டும் தனியாகப் பட்டினி போட வேண்டாம், வீடு முழுவதும் ஒரே சாப்பாடு சாப்பிடுங்கள், காய்கறி கூடட்டும், இனிப்பு குறையட்டும், தினமும் வேர்க்க விளையாடட்டும் என்றீர்கள். எல்லோரும் தலையாட்டினோம். மறுநாளே பப்பா அவனைக் காலை நடைக்குக் கூட்டிப் போனார். ஏரிக்கரையில் அவ்வளவு இடமிருக்க, அவர்களின் நடை சரியாக ஃபாஃப்டா கடை வாசலில்தான் முடிகிறது. கடலைமாவைப் பொரித்தால் அது எண்ணெய்ப் பலகாரம்தானே என்று கேட்டேன். "கூடவே பப்பாளிக்காய்த் துருவல் தர்றான்ல? அதான் காய்கறி. உன் அத்தை சொன்னதுதானே?" என்றார். கூடவே வாங்கித் தின்னும் ஜிலேபியைப் பற்றிக் கேட்பதற்குள் குளிக்கப் போய்விட்டார். மம்மியோ சர்க்கரை டப்பாவைப் பரணில் ஏற்றிவிட்டு, வெல்லமும் நெய்யும் போட்டு சுக்டி கிளறுகிறார். வெல்லம் சர்க்கரையே இல்லையாம்.

இது போதாதென்று, பையன் டயட்டில் இருக்கிறான் என்று கீழ்வீட்டு ரமீலாபென்னிடம் மம்மி சொல்லிவிட்டார். அவ்வளவுதான், வீட்டில் யாரோ படுத்த படுக்கையாகிவிட்டதுபோல் அன்று மாலையே ஒரு கிண்ணம் லட்டு வந்தது. வந்த கிண்ணம் காலியாகத் திரும்பக் கூடாதே, மம்மி அதில் சுக்டி நிரப்பி ஹர்ஷிலிடம் கொடுத்தனுப்பினார். கொண்டுபோனவனுக்கு அங்கே வாயில் ஒன்று, கையில் ஒன்று, கிண்ணத்தில் மறுபடி லட்டு. அந்தக் கிண்ணம் இன்றுவரை எந்த வீட்டிலும் ஓய்ந்து உட்காரவில்லை. நானே போய், நூலகப் புத்தகத்தில் படித்ததையெல்லாம் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். "பாவம், படிச்சுப் படிச்சுக் கண்ணு குழி விழுந்து கெடக்கு. எம்மேல ஆணை, ஒரே ஒரு வாய் வாங்கிக்கடி" என்று ஊட்டிவிட்டார். வாய் நிறைய லட்டை வைத்துக்கொண்டு யாரால் வாதாட முடியும்?

சிரிக்காதீர்கள் அத்தை, இனிமேல்தான் விஷயம். சனிக்கிழமை பள்ளியில் கோ-கோ அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். ஹர்ஷிலுக்கு அதில் சேர அவ்வளவு ஆசை. ஆனால் பையன்கள் கீழே விளையாடும்போது அவன் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறான். நேற்று, "அக்கா, நான் ஓடுனா எல்லாரும் சிரிப்பாங்களா?" என்று கேட்டான். நான் படித்த எந்தப் புத்தகத்திலும் அதற்குப் பதில் இல்லை. ஆகவே நீங்கள் உடனே புறப்பட்டு எங்கள் வீட்டுக்கு வந்து, முதல் வேலையாக ரமீலாபென்னைக் கண்டித்து அந்தக் கிண்ணத்தை நிறுத்த வேண்டும்.

மாமாவுக்கு வணக்கம். கிருஷ்ணர் நம் இரு வீடுகளையும், குறிப்பாக எங்கள் சமையலறையை, காக்கட்டும்.

அன்புள்ள,
உர்வீ

பி.கு.: ரமீலாபென்னைக் கண்டிக்க வேண்டாம். உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது கீழே ஒரே சத்தம். எட்டிப் பார்த்தால், கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு ஹர்ஷில் ஓடுகிறான், லட்டும் கையுமாக ரமீலாபென் துரத்துகிறார். ஸ்கூட்டர்களுக்கு நடுவே புகுந்து, வேப்பமரத்தை ஒரு சுற்றுச் சுற்றி, அவர் கைக்கு அகப்படாமல் நழுவிவிட்டான். யாரும் சிரிக்கவில்லை. "டேய், இவனத் தொடவே முடியலடா" என்று பையன்கள் அவனை ஆட்டத்துக்கு இழுத்துக்கொண்டார்கள். இருட்டிய பிறகு வேர்த்து வழிய வந்து, பாகற்காயைக்கூடக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். நீங்கள் வீட்டுக்கும் வர வேண்டாம். விருந்தாளி என்றால் மம்மி பரணிலிருந்து சர்க்கரையை இறக்கி மோகன்தாள் கிளறிவிடுவார். சனிக்கிழமை நேரே பள்ளி மைதானத்துக்கு வந்துவிடுங்கள். ரமீலாபென்னும் வருகிறார். எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் கிண்ணத்தோடு நிற்கச் சொல்லி ஹர்ஷிலே போய் அழைத்துவிட்டு வந்தான்.