பலகைதோறும் நின்று செல்லும் குதிரை

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமா எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் உங்கள் குதிரையும் நலம். நீங்களும் என் மகளும் அங்கே நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குளிர் அதிகம் என்றாள், காதை மூடிக்கொள்ளுங்கள்.

மாற்றலாகிப் போகும்போது, "மாமா, இது முன்பக்கமாவே சாயுது. குதிரையேற்றம் சொல்லித்தர்ற டீச்சர்கிட்ட விட்டு நடையைச் சரிபண்ணி, நல்ல ஆளாப் பாத்து வித்துடுங்க" என்று கயிற்றை என் கையில் கொடுத்தீர்கள். உங்கள் சொல்லைத் தட்டவில்லை. ஆனால் குதிரையை விற்க முடியாமல் போய்விட்டது. கோபப்படாமல் முழுவதும் படியுங்கள்.

முதல் சிக்கல், டீச்சருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. "நீங்க ஏறுங்க சார், நான் கீழே நின்னு சொல்றேன்" என்றார். காலமெல்லாம் பஸ் ஓட்டியவன்தான், ஆனால் இதற்கு ஸ்டீயரிங்கும் இல்லை, பிரேக்கும் இல்லை, ஹாரன் மட்டும் அதுவாகவே அடித்துக்கொள்கிறது. பாரம் எல்லாம் முன்னங்கால் மேல்தான். பஸ்ஸில் எல்லாரும் முன்வாசலிலேயே நெருக்கியடித்துக்கொண்டு நின்றால் வண்டி எப்படிப் போகும், அப்படிப் போனது. நான் பழக்க தோஷத்தில், "பின்னாடி போங்க, பின்னாடி காலியாத்தான் இருக்கு!" என்று கத்திவிட்டேன். டீச்சர் சிரிப்பார் என்று பார்த்தால், "அதேதான் சார், பாரம் பின்னங்காலுக்குப் போகணும். ஆனா வாயால சொல்லாதீங்க, உக்கார்றதுல சொல்லுங்க" என்றார். நிறுத்தப்போவதுபோல் ஒரு கணம் இடுப்பை நிமிர்த்த வேண்டுமாம், ஆனால் நிறுத்தாமல் விட்டுவிட வேண்டுமாம். பிரேக்கில் காலை வைப்பதாக நினைத்துக்கொள்வதோடு சரி!

டீச்சரின் பயிற்சிக் கூடத்தில்தான் வினையே. மணல் பரப்பிய தரை, கூரைத் தகட்டின் இடைவெளிகளில் இறங்கும் வெயில், சுவரோரமாக ஆங்கில எழுத்துப் பலகைகள். ஏ-க்கு அடுத்து கே, கே-க்கு அடுத்து ஈ. யார் போட்ட தடமோ. எங்கே திரும்புவது, எங்கே வட்டம் போடுவது என்பதற்கான அடையாளமாம். எனக்கு அது தெரியாது. ஒவ்வொரு பலகையிலும் நிறுத்தினேன், ஒரு மூச்சு விட்டேன், குலுக்காமல் கிளப்பினேன். டீச்சர் பார்த்துப் பார்த்துப் பொறுக்கமுடியாமல், "ஏன் சார் எல்லாப் பலகையிலும் நிக்கிறீங்க?" என்று கேட்டார். "பலகை இருந்தா நிக்க வேண்டாமாம்மா? யாராவது கையைக் காட்டிட்டு ஓடி வந்தா?" என்றேன். அதற்குள் குதிரை நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டது.

ஆனால் மாப்பிள்ளை, நின்று நின்று கிளம்பியதிலேயே பின்னங்கால்களுக்குத் தெம்பு வந்துவிட்டது. ஒரு நாள் விடியற்காலை, பனி கதவு வழியாக உள்ளே வந்து மணலின் மேல் படுத்திருந்தது, குதிரையின் காது மட்டும்தான் எனக்குத் தெரிகிறது, வழக்கம்போல இடுப்பை நிமிர்த்தினேன், கீழே ஏதோ எழுந்து நின்றதுபோல் இருந்தது, முதுகு உயர்ந்தது, கடிவாள வாரில் கனமே இல்லை, குளம்புச் சத்தம்கூட எங்கோ தள்ளிக் கேட்டது, ஓடுகிறோமா மிதக்கிறோமா என்று தெரியவில்லை, காலி பஸ்ஸை விளக்கெல்லாம் போட்டுக்கொண்டு மேகத்துக்குள் ஓட்டுகிறமாதிரி, ஏ போனது, கே போனது, எதுவும் நினைவில்லை. இறங்கியபோது கன்னம் ஈரமாக இருந்தது. பனி என்று டீச்சரிடம் சொன்னேன். ஓய்வு பெற்ற நாளிலிருந்து எனக்குக் கீழே எதுவுமே நகரவில்லை மாப்பிள்ளை. அன்றுதான் நகர்ந்தது.

இந்த நிலையில் வாங்குவதற்குப் பல் டாக்டர் ஒருவர் வந்தார். புது பூட்ஸ். ஏறினார். ஏ-யில் நின்றது. உதைத்தார், போனது, கே-யில் நின்றது. ஈ-யில் நின்றபோது அவர் மட்டும் நிற்காமல் குதிரையின் கழுத்து வரை போய்விட்டார். "இது குதிரையா, டவுன் பஸ்ஸா?" என்று கேட்டுவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். இனி இதை யாரும் வாங்கமாட்டார்கள். வேறு வழியில்லாமல் கனத்த மனதோடு நானே வைத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். உங்கள் அத்தை அதைச் 'சின்ன மாப்பிள்ளை' என்கிறாள். தவறாக நினைக்கவேண்டாம், தீனி விஷயத்தில் சொல்கிறாள். "இருந்துட்டுப் போகட்டும். காலையில நீங்க வீட்டில இல்லாததே எனக்கு நிம்மதி" என்பது அவள் தீர்ப்பு.

இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் வாழ வேண்டும். மகளுக்கு என் முத்தங்கள்.

உங்கள் பிரியமுள்ள,
மாமா

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் பல் டாக்டர் திரும்பவும் வந்துவிட்டார். பலகையில் நிற்பதை ஒரே வாரத்தில் மறக்கடிக்கலாம், இப்படி ஒரு நடை வேறெங்கும் கிடைக்காது என்று டீச்சர் அவரிடம் உண்மையைச் சொல்லித் தொலைத்திருக்கிறார். நீங்கள் சொன்ன விலைக்கே எடுத்துக்கொள்கிறாராம். நான் அப்போது குதிரைமேல் இருந்தேன். அவர் கே பலகைக்கு அருகே கையைக் காட்டிக்கொண்டே ஓடி வந்தார். ஸ்டாப்பிங்கில் ஆளைப் பார்த்தும் நிறுத்தாமல் போனது என் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. "வண்டி டிப்போவுக்குப் போகுது, ஏறாதீங்க" என்று சொல்லிவிட்டேன். குதிரையும் நிற்கவில்லை.