திமிங்கிலத்துக்குத் தரம் பிரித்தவர்

நம்மிடையே ஓர் இனம் உலவுகிறது. மல்லிகைச் சரத்தைக் கொடுத்தால் நாரைத் தடவிப் பார்க்கும். மாப்பிள்ளையைக் காட்டினால் அவர் செருப்பைப் பார்க்கும். பதினாறு வகை பரிமாறினாலும் இலையின் ஓரத்துக் கிழிசலைக் கண்டுபிடித்து, அதன்மேல் ஒரு கண்ணை வைத்துக்கொண்டேதான் சாப்பிடும். தரம் பிரிப்பவர்கள் என்று இவர்களைச் சொல்லலாம். நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்களும் உங்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியிருப்பார்கள்.

போடிநாயக்கனூர் பாண்டியராஜன் இந்த இனத்தில் முதல் ரகம். ஏலக்காய் வியாபாரி. காயைத் தட்டில் கொட்டி, நிறம் பார்த்து, பருமன் பார்த்து, ஒன்றை உடைத்து உள்ளிருக்கும் விதையான ஏல அரிசியைப் பார்த்து, எல்லாம் சரியாக இருந்தால் இன்னொன்றையும் உடைத்துப் பார்ப்பது அவர் தொழில். அது தட்டோடு நின்றதா? எங்கே நின்றது!

முதல் குழந்தையைக் கையில் வாங்கியவர், "நல்லாத்தான் இருக்கு. ஆனா மூக்கு உங்க வீட்டு மூக்கு" என்றார் மனைவி காளீஸ்வரியிடம். அந்தக் குழந்தை வளர்ந்து கணக்கில் தொண்ணூற்றெட்டு வாங்கி வந்தபோது, "ரெண்டு எங்க போச்சு?" என்றார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில், வாலில் ஓர் 'ஆனா' ஒட்டாமல் அந்த வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வந்ததில்லை. ஒரே ஒரு தடவை அதைக் கேட்டுவிட வேண்டும். காளீஸ்வரியின் ஆசை அவ்வளவுதான். பாவம், வைரத் தோடு கேட்டிருந்தால் எப்போதோ கிடைத்திருக்கும்.

பங்குனியில் அவள் தம்பி கன்னையன் இலங்கைச் சுற்றுலாவுக்கு ஏற்பாடு செய்தான். படகில் நடுக்கடலுக்குப் போய்த் திமிங்கிலம் பார்க்கலாம் என்றதும், ஜீப்பில் கொண்டை ஊசி வளைவு ஏறினாலே வாந்தி எடுக்கும் காளீஸ்வரி, முதல் ஆளாகப் பெட்டியைக் கட்டினாள். உலகத்திலேயே பெரிய உயிர்! அதிலேயா ஒரு குறை கண்டுபிடித்துவிடப் போகிறார்?

படகு கரையை விட்டதும் பாண்டியராஜன் சமுத்திரத்தையே தட்டில் கொட்டித் தரம் பார்த்தார்.

"பெருசாத்தான் இருக்கு. ஆனா ஆடுதேப்பா. நம்ம குரங்கணி மலை மேல ஏறி நின்னா மேகமே கடலாட்டம் கிடக்கும். ஆடாம அசையாம பாக்கலாம்."

ஆலா என்னும் கடற்பறவைக் கூட்டம் ஒன்று தலைக்கு மேல் வந்தது. வெள்ளைச் சிறகை மடக்கி அம்பாகத் தண்ணீரில் விழுந்து, வாயில் மீனோடு எழுந்தது ஒன்று. படகே கை தட்டியது.

"பாத்தீகளா?" என்றாள் காளீஸ்வரி ஆவலாக.

"ம். சாயம் போன காக்கா."

டால்பின்கள் என்கிற ஓங்கில்கள் துள்ளின. "பொடிக் காய்" என்று அடுத்த தட்டுக்கு நகர்ந்தார்.

"மச்சான், அந்தத் திமிங்கிலம் உங்களுக்குப் பயந்துதான் வெளிய வரமாட்டேங்குது" என்றான் கன்னையன், எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே.

"சோலியப் பாரு மாப்ளே."

திடீரென்று படகோட்டி இயந்திரத்தை நிறுத்தினார். "எல்லாரும் இடப்பக்கம் பாருங்கோ!"

தூரத்தில் தண்ணீரிலிருந்து திமிங்கிலத்தின் மூச்சு ஒரு புகைத்தூணாக எழுந்தது. படகில் இருந்த அத்தனை கழுத்தும் இடப்பக்கம் திரும்பின, ஒன்றைத் தவிர. காளீஸ்வரி வலப்பக்கம் திரும்பிப் புருஷன் முகத்தைப் பார்த்தாள். திமிங்கிலம் வருஷா வருஷம் இந்தக் கடலுக்கு வருகிறதாம். இருபத்தாறு வருஷமாக வராதது எதுவோ, அதைத்தானே அவள் பார்க்க வேண்டும்?

முதலில் புருவம் மேலே ஏறியது. பிறகு, எதை எடுத்தாலும் பிதுங்கிப் பழகிய அந்த உதடுகள் மெல்லப் பிரிந்தன. கண் விரிந்தது. இல்லாத ஏலக்காயை உருட்டிக்கொண்டே இருக்கும் அவர் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அப்படியே நின்றுவிட்டன. படகு "ஓ" என்று கத்தியது. அவர் மட்டும் கத்தவில்லை.

கடல் மூடிக்கொண்டது.

"காளி, பாத்தியா?" என்று திரும்பினார்.

"இல்லங்க."

"என்னது? இம்புட்டுத் தூரம் வந்து, அதுக்கு முதுகக் காட்டிக்கிட்டா நின்ன?"

"நீங்க பாத்தீகள்ல. எப்படி இருந்துச்சு? சொல்லுங்க."

பாண்டியராஜன் மாட்டிக்கொண்டார். வழக்கமான சரக்கையெல்லாம் துழாவினார். "வாலு…" என்று ஆரம்பித்தார், நின்றுவிட்டார். "கலரு…" என்றார், அதுவும் நின்றது.

"சொல்லிருங்க மச்சான், ஊசி போட்டாப்ல சுருக்குனு போயிரும்" என்றான் கன்னையன்.

பாண்டியராஜன் கடலைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

"நீ பாத்திருக்கணும், காளி. அம்புட்டு நல்லா இருந்துச்சு."

காளீஸ்வரிக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டிவிட்டது. ஆனால் அவள் ஏமாளி இல்லை. அவர் மூச்சை உள்ளே இழுப்பதைக் கண்டாள். வாய் 'ஆ' என்று திறப்பதையும் கண்டாள். பாய்ந்து அவர் வாயைப் பொத்தினாள். கரை வந்து சேரும்வரை கையை எடுக்கவில்லை. கன்னையன் நடுவில் மூக்கை மட்டும் விடுவித்துக் கொடுத்தான்.

படித்து முடித்துவிட்டீர்கள். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் நடுவில் கொஞ்சம் இழுத்துவிட்டது என்று சொல்ல வாயெடுக்கிறீர்கள், இல்லையா? சொல்லுங்கள், எனக்கொன்றுமில்லை. அதற்கு முன் பக்கத்தில் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். உங்கள் வீட்டில் யாரோ ஒருவர், பார்க்க வேண்டியதையெல்லாம் விட்டுவிட்டு, வெகுநேரமாக உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.