இடம் மாறிய மூக்குத்தி

வீட்டில் காலியாகக் கிடக்கும் பின்னறையை இந்த முறை விட்டுக்கொடுப்பதில்லை என்று முடிவு செய்தேன். என் மனைவி புவனாவுக்கு அங்கே தையல் மிஷின் போட ஆசை. புதன்கிழமைதோறும் தையல் கிளாசுக்கு வேறு போய்வந்தாள். எனக்கு அச்சுக்கூடம் வைக்க ஆசை. என் ஆசைகளெல்லாம் ஆசையாகவே இருந்து பழகியவைதான். ஆனால் இது கலை.

காரணம் ரவிதேஜா. ஹைதராபாத்திலிருந்து கோயமுத்தூருக்கு வந்து அச்சோவியக் கண்காட்சி வைத்தவர், கூடவே பயிற்சியும் கொடுத்தார். நான் ஞாயிற்றுக்கிழமை பேட்ச் ஆள். லினோ என்கிற ரப்பர் மாதிரியான மெத்துப் பலகையில் படத்தைச் செதுக்கி, மை உருட்டி, காகிதத்தை அழுத்தி உரித்தால் ஓவியம். சூலூர் பட்டறையில் இரும்பு கடைந்த கைக்கு வெண்ணெயை வெட்டுவது போலிருந்தது. அந்த மனிதருக்கு நான் என்றைக்கும் நன்றிக்கடன் பட்டவன்.

“செதுக்கறதுக்கு முன்னாடி படத்தை இடவலமா மாத்திக்கங்க. அச்சுல திரும்பித்தான் விழும்” என்றார் தெலுங்கு வாடைத் தமிழில். அது எழுத்துக்குத்தானே, முகத்துக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

திட்டம் இதுதான். புவனாவின் போட்டோவைப் பார்த்து அவள் முகத்தைச் செதுக்கிக் கொடுப்பது. அவள் உருகும்போது அறையைக் கேட்பது.

அவள் படத்தை வெகுநேரம் பார்த்தாள்.

“ஏனுங்க, யாருங்க இந்தம்மா?”

“நீதான் அம்மணி. அச்சு அசல் நீ.”

“எனக்கு மூக்குத்தி வலது பக்கமுங்க. இந்தம்மாவுக்கு இடது பக்கம் இருக்குது.”

“அது அச்சுல திரும்பிருச்சு.”

“அதெப்படிங்க, தானாத் திரும்பும்?”

“நெசமாலுமே திரும்பும் புவனா.”

“ஞாயித்துக்கிழமையானா சென்ட் அடிச்சுட்டுப் போறப்பவே நெனச்சேனுங்க. கிளாசுக்குப் பொம்பளைங்களும் வாராங்களா?”

“வாராங்க. ஆனா ஒருத்தருக்கும் மூக்குத்தி கெடையாது.”

“ஓ. ஒவ்வொரு மூக்காப் பார்த்து வெச்சிருக்கீங்க.”

நுணலும் தன் வாயால் கெடும்.

“பின்ரூமை நீயே எடுத்துக்க கண்ணு” என்றேன்.

“உங்க இஷ்டமுங்க” என்றாள். சாயங்காலமே தையல் மிஷின் வந்து இறங்கியது.

அறை போனாலும் மானம் மிஞ்சட்டும் என்று கண்காட்சியின் கடைசி நாளில் அவளையும் அழைத்துப் போனேன்.

“சார், நீங்களே சொல்லுங்க. அச்சுல படம் திரும்புமா, திரும்பாதா?”

ரவிதேஜா சிரித்தார். “அதை மேடத்துக்கு நான் சொல்லணுமா சார்? புதன்கிழமை பேட்ச்ல அவங்க செஞ்சது அங்க மாட்டியிருக்கு, பாருங்க.”

பார்த்தேன். என் முகம். முன்வழுக்கையைக்கூட அன்பாகச் செதுக்கியிருந்தாள். என்னை இவ்வளவு உன்னிப்பாக யாரும் பார்த்ததில்லை. கண் கலங்கிவிட்டது. இப்படியொருத்தி வாய்த்ததற்கு எந்தச் சாமிக்கு நன்றி சொல்வது என்று நினைத்தபடி இன்னும் கிட்டே போனேன்.

என் வலது கன்னத்து மச்சம், படத்திலும் வலது கன்னத்திலேயே இருந்தது.