கிளாரியின் விடாப்பிடி

இந்த வருஷம் உயிரே போனாலும் இடுக்கியை யாரிடமும் கொடுப்பதில்லை என்று கிளாரி முடிவெடுத்தது ஜனவரி இருபத்தாறாம் தேதி காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது. வாயில் நுரை இருந்ததால் சபதம் வெளியே கேட்கவில்லை. ஆனாலும் சபதம் சபதம்தான்.

மிண்டரா என்கிற அந்தச் சின்ன ஊரில் தேசிய தினம் என்றால் சேவைச் சங்கத்தின் பார்பிக்யூ விருந்து. ஊரே மைதானத்துக்கு வந்துவிடும். சாசேஜ் புரட்டும் இடுக்கி யார் கையில் இருக்கிறதோ அவர்தான் அன்றைக்கு ராஜா. அதற்கு எழுதாத சட்டமும் உண்டு. இடுக்கியை யாரும் பிடுங்கக் கூடாது. அவராக நீட்டினால் வாங்கலாம். வாங்கியவர் ஒரு ஈடு முழுசாகச் சுட்டு இறக்கிவிட்டால், பொழுது சாயும்வரை இடுக்கி அவருக்கே; அடுத்த வருஷமும் அவர் கையில்தான் தொடங்கும். முந்தைய ராஜா செசில் அப்படித்தான் கோட்டைவிட்டார். "இதைக் கொஞ்சம் பிடி" என்று கிளாரியிடம் நீட்டிவிட்டுக் கழிப்பறைக்குப் போனார். வரிசை நீளம். திரும்பி வந்தபோது ராஜ்யம் போயிருந்தது.

அது ஆகிவிட்டது இருபத்து நாலு வருஷம். இன்றைக்கும் பிடித்துவிட்டால் வெள்ளி விழா.

இந்த நேரத்தில்தான் மனைவி நோரீன் காலை டீயோடு பேச்சை எடுத்தாள்.

"இத்தனை வருஷமா பின்னாடி நின்னு ரொட்டிக்கு வெண்ணெய் தடவியாச்சு. இன்னைக்கு ஒரு நாள் நான் புரட்டறேன், குடு."

"நாளைக்கு வீட்டுல எவ்வளவு வேணும்னாலும் புரட்டிக்கோ."

"வீட்டுல தினமும் நான்தானே புரட்டறேன்."

"அது சமையல் நோரீன். இது பொறுப்பு."

"சரி. உன் இஷ்டம்" என்றாள் நோரீன்.

கிளாரி டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டான். முப்பத்தெட்டு வருஷ இல்லறத்தில் அவள் அப்படிச் சொன்னது இரண்டே தடவை. முதல் தடவைக்குப் பிறகு வீட்டுக்கு மஞ்சள் பெயிண்ட் வந்தது. இரண்டாம் தடவைக்குப் பிறகு அவள் அம்மா வந்தார், ஏழு மாதம் இருந்தார்.

ஆகவே முன்னேற்பாடு பலமாக நடந்தது. மீதி டீயைத் தொட்டியில் ஊற்றினான். வயிற்றில் தண்ணீர் இல்லாவிட்டால் கழிப்பறைக்குப் போகும் வேலையும் இல்லை. வைக்கோல் கட்டுகிற கயிற்றில் ஒரு முழம் வெட்டி, இடுக்கியை மணிக்கட்டோடு சேர்த்து மூன்று முடிச்சுப் போட்டான். மூன்று முடிச்சு போட்டுக் கைப்பிடித்தவளை விட்டாலும், முடிச்சுப் போட்ட கைப்பிடியை விடுவதாயில்லை.

மைதானத்தில் வெயில் மண்டையைப் பிளந்தது. கிளாரி சாசேஜ் சுடும் கல்லை விட்டு ஓரடி நகரவில்லை. பால்புட்டியைப் பிடித்த பிள்ளை மாதிரி இடுக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பக்கத்து வீட்டு மாவிஸ் சில்லென்று ஒரு பீர் கொண்டு வந்து நீட்டினாள். வேண்டாமென்றான். கார் விளக்கு எரிகிறது என்றாள். எரியட்டும் என்றான். சங்கத் தலைவர் கூப்பிடுகிறார் என்றாள். அவரை இங்கே வரச்சொல் என்றான்.

மாவிஸ் அலுத்துப்போய் ரொட்டி மேஜைக்குத் திரும்பினாள். "தூங்கும்போதும் அதோடதான் படுப்பானா உன் புருஷன்?"

"படுக்கட்டுமே" என்றாள் நோரீன், வெண்ணெய்க் கத்தியை நிறுத்தாமல். "குறட்டை விட்டா மூக்கைப் பிடிக்க வசதியா இருக்கும்."

வேறொன்றும் அவள் பேசவில்லை. தடவினாள், அடுக்கினாள், தடவினாள். ஒருதரம் மட்டும் எழுந்து பாட்டு மேடைப் பக்கம் போய்விட்டு வந்தாள். மதியம் தாண்டியதும் கிளாரிக்குத் தெம்பு வந்துவிட்டது. இன்னும் நாலைந்து ஈடு. அதோடு வெள்ளி விழா.

தெம்பு வந்தால் பழசும் கூடவே வரும். வெங்காயம் வதங்குகிற புகை கண்ணில் பட்டது, மைதானமே பழைய மைதானமாகிவிட்டது. அப்போது கேஸ் ஏது. டிராக்டர் கலப்பையின் தேய்ந்துபோன இரும்புத் தட்டை மூன்று கல்மேல் வைத்து, அடியில் யூக்கலிப்டஸ் விறகு. ஊரில் ஒரு வங்கி இருந்தது, மூன்று வாத்தியார் வைத்த பள்ளிக்கூடம் இருந்தது, கால்பந்து அணிக்கு ஆள் மிஞ்சியது. பிள்ளைகள் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு ஒருத்தரையொருத்தர் நனைத்து, ஈரக் காலோடு சாசேஜ் வரிசையில் வந்து நிற்கும். கிளாரி அப்போது சங்கத்துக்குப் புதுசு, தட்டுக் கழுவுகிற வேலை. பள்ளிக்கூடத்துக்கு மூன்று மாதத்துக்கென்று வந்திருந்த டீச்சர் ஒருத்தி ரொட்டித் துண்டை ஏந்திக்கொண்டு வந்தாள். அவளுக்குக் கொடுக்கவென்று, செசில் பார்க்காத நேரத்தில் ஒரு சாசேஜைத் தட்டிலிருந்து எடுத்தான். கரிந்துபோனது. அவள் அதைக் கடைசிவரை தின்றாள். பிறகு ஊர்க்காரர் ஒருவர் அக்கார்டியனை எடுத்தார், இருவரும் அந்தப் புழுதியிலேயே ஆடினார்கள்.

அப்போதுதான் மேடையிலிருந்து அக்கார்டியன் கேட்டது. இப்போது அவர் மகன் லயல் வாசிக்கிறான். கிளாரி நிமிர்ந்தான். அதே பாட்டு. அதே இழுப்பு, அதே இறக்கம்.

எதிரே நோரீன் நின்றாள். கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினாள்.

"வர்றியா?"

கல்லில் அப்போதுதான் புது ஈடு போட்டிருந்தான். கிளாரி சாசேஜைப் பார்த்தான், நோரீனைப் பார்த்தான். நாற்பது வருஷத்தில் முடி நரைத்திருந்தது. கையை நீட்டுகிற விதம் நரைக்கவில்லை. அவன் மணிக்கட்டைத் தூக்கி, முதல் முடிச்சைப் பல்லாலேயே அவிழ்த்தான். இரண்டாவதையும். மூன்றாவதை மாவிஸ் அவிழ்த்துவிட்டாள்.

"இதைக் கொஞ்சம் பிடி" என்றான் அவளிடம்.

ஆடினார்கள். முழங்கால் வலித்தது, அது தெரியவில்லை. வேர்வை வழிந்தது, அதுவும் தெரியவில்லை. ஊர் கொஞ்சம் நிறைந்த மாதிரி இருந்தது. பாட்டு முடியப்போகிறது என்று நினைத்தால் மறுபடி தொடங்கியது. நல்லதுதானே என்று அவளை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துக்கொண்டான்.

ஒருவழியாகப் பாட்டு ஓய்ந்து அவன் கல்லுக்குத் திரும்பியபோது, மாவிஸ் கடைசி சாசேஜைத் தட்டில் இறக்கிக்கொண்டிருந்தாள். பொன்னிறம். ஒரு ஈடு, முழுசாக. இறக்கிய கையோடு இடுக்கியை நோரீனிடம் நீட்டினாள். சட்டப்படி அவளாகத்தான் நீட்டினாள். நோரீன் அதை வாங்கி, இரண்டு தரம் டக்டக்கென்று தட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த ஈட்டைக் கல்லில் அடுக்கினாள். வரிசையில் நின்ற பெண்கள் கைதட்டினார்கள். கிளாரியின் கையில் யாரோ வெண்ணெய்க் கத்தியைக் கொடுத்தார்கள்.

தடவிக்கொண்டே அவன் மனசைத் தேற்றிக்கொண்டான். வெள்ளி விழா போனால் போகட்டும். இத்தனை வருஷம் கழித்து அந்தப் பாட்டை ஞாபகம் வைத்திருந்து கேட்டு வாங்கியிருக்கிறாளே, எந்தப் பெண்டாட்டிக்கு அந்த மனசு வரும்.

லயல் தட்டோடு ரொட்டிக்கு வந்தான். கிளாரி இரண்டு துண்டு கூடுதலாக வைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, நோரீன் அந்தப் பாட்டைப் பற்றி என்ன சொன்னாள் என்று கேட்டான்.

"எந்தப் பாட்டுன்னெல்லாம் சொல்லலையே கிளாரி" என்றான் லயல். "எங்கிட்ட இருக்கிறதுலயே நீளமானது எதுன்னு மட்டும்தான் கேட்டாங்க."