உண்ணி கடிச்சிருச்சு என்றுதான் சொன்னேன்

அன்புள்ள மச்சான் சதக்கத்துல்லா அவர்களுக்கு, ஷார்ஜா ரோலாவிலிருந்து கௌஸ் முகம்மது எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். சுகம் விசாரிப்பது முறை, விசாரித்துவிட்டேன். இனி முறையெல்லாம் கிடையாது. போனில் சொன்னால் உங்கள் காதில் பாதிதான் விழுகிறது என்பதால், ஊர் போகிற ஆள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

ஜெர்மனியில் மகள் ஹிஃப்ஸா வீட்டுக்குப் போனபோது புல்லில் உட்கார்ந்தேன். உண்ணி கடித்து லைம் நோய் வந்தது. மாத்திரையெல்லாம் முழுசாகச் சாப்பிட்டு முடித்தும் அசதியும் மூட்டுவலியும் போகவில்லை. "இனிப்பை நிறுத்துங்க, காய்கறி சாப்பிடுங்க, நேரத்துக்குத் தூங்குங்க, தினமும் நடங்க" என்றார் டாக்டர். "உண்ணி கடிச்சிருச்சு மச்சான்" என்றுதானே உங்களிடம் சொன்னேன்? கடிச்சிருச்சு என்றால் பூச்சி, கடிச்சுட்டான் என்றால் மனுசன். இதுகூடப் புரியாமல், எங்கள் ரூமில் சமைக்கிற பாலக்காட்டு உண்ணிதான் கடித்தான் என்று நீங்களாக முடிவுகட்டி, என் வீட்டுக்காரி, உங்கள் தங்கச்சி ஜொஹராவிடம் அவன் நம்பரை வாங்கி, "எங்க மச்சானைக் கடிச்ச பல்லை ஒடச்சுருவேன்" என்று வாய்ஸ் மெசேஜ் போட்டீர்களே, உங்களுக்கு மூளை இருக்கிறதா? அதோடு விட்டீர்களா? ஊர்ப் பள்ளிவாசலிலும் சொல்லி, அது இங்கே துபாய் ஜெபல் அலி வரை வந்து, என் கடைக்கு வருகிறவனெல்லாம் "எங்க பாய் கடிச்சான்?" என்று என் சட்டையைத் தூக்கிப் பார்க்கிறான்.

உண்ணியோ, "இக்கா, ஞான் நிங்களெக் கடிச்சோ?" என்று அழுதான். அப்புறம் "கலாஸ்", எல்லாம் முடிந்தது என்று கரண்டியைப் போட்டுவிட்டு, தொழில்பேட்டையில் இருக்கிற அண்ணன் ரூமுக்குப் போய்விட்டான். எண்ணெய் குறைத்து எனக்கு அவியல் வைத்தவன் அவன். காலையில் எழுப்பி நடக்கக் கூட்டிப்போனவன் அவன். விரல் மடங்காத நாட்களில் சட்டைக்குப் பட்டன் போட்டுவிட்டவனும் அவன்தான். இப்போது மூன்று வேளையும் ஹோட்டல் பரோட்டா. கடை ஷட்டரைத் தூக்கக் கை வரவில்லை. இப்படியே படுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது மச்சான்.

உடனே அவனிடம் மன்னிப்புக் கேளுங்கள். உண்ணி யாரையும் கடிக்கவில்லை, கடிக்கவும் மாட்டான் என்று அதே பள்ளிவாசலில் அதே வாயால் சொல்லுங்கள். தொதல் பார்சல் அனுப்பி என்னைச் சமாதானப்படுத்தலாம் என்று நினைக்காதீர்கள். இனிப்பை நான் கையால்கூடத் தொடுவதில்லை.

மாமிக்கு என் சலாம். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், அதற்கு முன்னால் நல்ல காதையும் தருவானாக.

இப்படிக்கு,
கௌஸ் முகம்மது

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் உண்ணி திரும்பி வந்துவிட்டான். மனசு கேட்கவில்லையாம். நீங்கள் போன மாதம் அனுப்பிய தொதலைத் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்து நான் வாயில் வைக்கிற நேரமாகப் பார்த்து உள்ளே வந்தான். பிடுங்கினான். நான் விடவில்லை. கையில் கடித்துவிட்டான். பள்ளிவாசலில் எதையும் மாற்றிச் சொல்ல வேண்டாம்.